உருள்தடை

மிதிவண்டிச் சக்கரத்தைப் பற்றிய கட்டுரைக்குத் தமிழ்த்துறை மலரில் என்ன வேலை என்று வினவும் நண்பர்களுக்காக, முதலில் சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். மேனிலைப் பள்ளி இயற்பியல் நூல்களில் 'உருளும் உராய்வு' என்றொரு தொடர் வழங்குகிறது. உருண்டு செல்லும் பொருள் தானே நின்றுவிடுவதற்குக் காரணமான தடையை அது குறிக்கும். எனக்கு அத்தொடரில் ஒரு குறை தோன்றுகிறது. உராய்வு என்றால் ஒன்றன்மேல் ஒன்று தேய்தல் என்றுதான் கற்பவர் மனம் கொள்ளும். ஆனால் காற்றடைத்த டயர் தரையில் உருளும்போது நிகழ்வது பெரும்பாலும் தேய்தல் அன்று, நசுங்குதல். தரையைத் தொடும் இடத்தில் ரப்பர் அமுங்குகிறது. அவ்விடம் கடந்ததும் நிமிர்கிறது. அமுக்குவதற்குச் செலவான ஆற்றல் முழுவதையும் நிமிரும்போது அது திருப்பித் தருவதில்லை. ஒரு பங்கை வெப்பமாகத் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. நெடுந்தொலைவு ஓடி வந்த சரக்குந்தின் டயரைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். எனவே 'உருள்தடை' என்பதே பொருத்தமான சொல் என்பது என் கருத்து.

இவ்விழப்புக்கு இயற்பியலார் வைத்திருக்கும் பெயர்தான் என்னை மிகவும் கவர்ந்தது. 'தயக்கம்' என்கிறார்கள். காந்தவியலில் வழங்கும் அதே சொல். அமுங்கிய ரப்பர் பழைய நிலைக்குத் திரும்பத் தயங்குகிறது. அத்தயக்கத்தின் விலையை மிதிப்பவர் தம் காலால் கொடுக்கிறார். கலைச்சொல்லாக்கத்தில் நம்மவர் செய்த நல்ல வேலைகளுள் இதனையும் ஒன்றாகச் சேர்க்கலாம்.

நம் பழந்தமிழர்க்குச் சக்கரத்தின் சிரமம் தெரியாததன்று. வள்ளுவர் தேரின் சக்கரத்தைக் 'கால்' என்றே வழங்குகிறார். புறநானூற்றின் 102ஆம் பாடலில் ஔவையார் அதியமான் மகன் பொகுட்டெழினியைப் பாடும்போது, உப்பு வணிகரான உமணர் தம் வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு புறப்படும் வழக்கத்தை உவமையாக்குகிறார். எருதுகள் இளையவை, பாரம் பெரிது, வழியில் மேடும் பள்ளமும் எப்படியோ என்ற அச்சமே காரணம். அதியமானின் தகடூர் இன்றைய தருமபுரி. அங்கிருந்து தெற்கே தொப்பூர்க் கணவாயைக் கடந்தால் நம் சேலம், நாமக்கல் சமவெளி. உமணர் அஞ்சிய தரை ஏறத்தாழ நம் தரைதான்.

இச்சமவெளியின் சாலைகளைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். நாமக்கல்லைச் சரக்குந்துகளின் ஊர் என்று நாடே அறியும். உந்துகளுக்குக் கூடு கட்டும் பட்டறைகளும், தேய்ந்த டயருக்குப் புதுத் தடம் ஒட்டும் ரீட்ரேடிங் பட்டறைகளும் சாலையோரம் வரிசையாக நிற்கின்றன. இவ்வூர்ப் பக்கம் பிறந்த சிறுவன் நடை பழகிய கையோடு பழைய டயர் ஒன்றைக் குச்சியால் தட்டி ஓட்டப் பழகிவிடுகிறான். ஆனால் அகன்ற நெடுஞ்சாலையை விட்டு ஒரு கல் தொலைவு உள்ளே சென்றால் காட்சி மாறும். கரடுகளுக்கு இடையே மரவள்ளிக் காடும் சோளக்காடும் கோழிப்பண்ணைகளும். அவற்றை இணைக்கும் வழிகளுள் பல இன்றும் கிராவல் கொட்டி நிரவியவை. செம்மண்ணும் சரளையும் கலந்த அந்தக் கிராவல், புதிதாகக் கொட்டியபோது மெத்தென்று இருக்கும். கோடை முற்றினால் மண் பறந்து சரளை மட்டும் மிஞ்சும். டிராக்டர் ஓட ஓடக் குறுக்குவரிகள் விழுந்து சலவைப் பலகைபோல் ஆகிவிடும்.

மேலை நாடுகளில் இத்தகைய வழிகளுக்கென்றே 'கிராவல் பைக்' என்றொரு மிதிவண்டி வகை தோன்றி விலைபோகிறது. அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலத்தில் 2006 முதல் இருநூறு மைல் தொலைவுக்குச் சரளைச் சாலைப் பந்தயமே நடத்துகிறார்கள். எந்த டயர் எளிதில் உருளும் என்று ஆய்வுக்கூடங்களில் சுழலும் உருளைமேல் ஓட்டி அளக்கிறார்கள். நம் பால்காரர்களும் முட்டை வியாபாரிகளும் அறுபது எழுபது ஆண்டுகளாகக் கிராவலில் மிதித்து வருவதை யாரும் பந்தயம் என்று சொன்னதில்லை.

சென்ற கல்வியாண்டில் இப்பொருள் என் வகுப்பறைக்குள்ளேயே வந்து சேர்ந்தது. இளங்கலைத் தமிழ் இரண்டாம் ஆண்டில் ஒரு மாணவி. புதுச்சத்திரத்திற்கு மேற்கே உள்ள சிற்றூர். குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள். வீட்டிலிருந்து நெடுஞ்சாலை வரை ஐந்து கிலோமீட்டர் கிராவல் வழி; அதனை மிதிவண்டியில் கடந்து, தெரிந்த கடையில் வண்டியை விட்டுவிட்டுப் பேருந்து ஏற வேண்டும். குறிப்பிட்ட பேருந்தைத் தவறவிட்டால் முதல் இரண்டு பாடவேளைகளும் போயின. ஆகஸ்டு இறுதியில் வருகைப் பதிவேட்டைக் கூட்டிப் பார்த்தபோது அறுபத்தெட்டு விழுக்காடுதான் வந்தது. எழுபத்தைந்து இல்லையெனில் தேர்வெழுத இயலாது. வகுப்பாசிரியன் என்ற முறையில் அழைத்துக் கேட்டேன்.

"விடிகாலையிலேயே கிளம்பிவிடுகிறேன் ஐயா. வண்டி உருளவே மாட்டேன் என்கிறது. அண்ணன், இந்த அவதியோடு படிப்பு எதற்கு, நின்றுவிடு என்கிறார்" என்றாள்.

சோம்பலுக்குச் சொல்லும் சாக்கு எது, மெய்யான இடர் எது என்பதை இருபது ஆண்டுகள் வருகைப் பதிவேடு எழுதியவன் ஓரளவு அறிவான். 'வண்டி உருளவில்லை' என்ற சொல் என்னை உறுத்தியது. ஏனெனில் அதே சொல்லை என் இளமையில் வீட்டில் நாள்தோறும் கேட்டிருக்கிறேன்.

என் அத்தா போர்வை வியாபாரி. நாமக்கல், சேலம் மாவட்டத்தோடு சேர்ந்திருந்த காலம் அது. 1997இல்தான் தனி மாவட்டமாயிற்று. இருபத்தெட்டு அங்குலச் சக்கரம் பூட்டிய கனத்த வண்டி. ஒன்றரை அங்குல டயர். பின் கேரியரில் ஆளுயரத்திற்குப் போர்வை மூட்டை. இராசிபுரம், சேந்தமங்கலம் பக்கத்துச் சிற்றூர்களுக்கெல்லாம் தவணை முறையில் விற்று, வாரந்தோறும் வசூலுக்குச் செல்வார். தார்ச்சாலை முடிந்து மண்வழி தொடங்கும் இடத்தில் வண்டியை நிறுத்தி, முன்சக்கரத்தில் வால்டியூப் திருகைச் சற்றே தளர்த்துவார். 'உஸ்' என்று கொஞ்சம் காற்று போகும். டயரைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டுத் திருகை இறுக்குவார். பின்சக்கரத்தில் மூட்டையின் பாரம் கருதி அதனினும் குறைவாகவே விடுவார். திரும்பி வரும்போது மறுபடி காற்றடிக்க வேண்டும். காசு கொடுத்து அடித்த காற்றைத் தெருவில் விடுகிறாரே என்று கடைக்காரர்கள் நகைத்தது எனக்கு நினைவிருக்கிறது. "மண்ணுல கல்லு மாதிரி டயரோட போனா முழங்கால் போயிடும்டா" என்பார். நான் அதனை முழங்காலுக்கு ஏற்ற வைத்தியம் என்றே பல ஆண்டுகள் எண்ணியிருந்தேன். வண்டியின் ஓட்டத்தோடு தொடர்புடையது என்று எண்ணவில்லை. காற்று எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு எளிதாக உருளும் என்பதுதானே ஊரறிந்த நம்பிக்கை?

எங்கள் கல்லூரியின் இயற்பியல் துறை நண்பரிடம் இதைச் சொன்னேன். அவர் ஒரு தாளில் மளமளவென்று கணக்கிட்டார். உருள்தடையை எடையின் ஒரு சிறு பின்னமாகச் சொல்வது வழக்கம். தண்டவாளத்தின்மேல் இரும்புச் சக்கரத்திற்கு அது ஆயிரத்தில் ஒன்று, இரண்டு அளவே. நல்ல தார்ச்சாலையில் மிதிவண்டிக்கு 0.006 என்றும், தளர்ந்த கிராவலில் 0.02 என்றும் வைத்துக்கொள்வோம் என்றார். இரண்டுக்கும் வேறுபாடு 0.014. ஐந்தாயிரம் மீட்டரை அதனால் பெருக்கினால் எழுபது வருகிறது. இதன் பொருள், அந்த ஐந்து கிலோமீட்டரும் சமதரையாகவே இருந்தாலும், தார்ச்சாலையில் வருபவளைக் காட்டிலும் எழுபது மீட்டர் உயரம் கூடுதலாக ஏறி வரும் உழைப்பை அவள் செய்கிறாள் என்பதாகும். நாமக்கல் கோட்டைப் பாறையின் உயரமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். நாள்தோறும் காலையில் மிதிவண்டியோடு கோட்டைக்கு ஏறிவிட்டு, அதன்பின் பேருந்து பிடித்து, அதன்பின் நன்னூல் வகுப்பில் அமர்வது! ஆளின் எடை கூடினாலும் குறைந்தாலும் அந்த எழுபது மாறாது என்று நண்பர் சொன்னதும் எனக்கு அத்தாவின் மூட்டை நினைவுக்கு வந்தது. உயரம் மாறாது, ஆனால் அதே பாறையின் மேல் மூட்டையையும் ஏற்ற வேண்டும்.

ஒரு சனிக்கிழமை விடியலில், நண்பரும் நானும் அந்த ஊருக்குச் சென்றோம். காற்று எழுவதற்கு முன் சோதனையை முடிக்க வேண்டும் என்பது அவர் விதி. எதிர்க்காற்று சிறிது வீசினாலும் கணக்குக் கெட்டுவிடும். முதலில் வண்டியைத் தலைகீழாக நிறுத்திச் சக்கரங்களைச் சுழற்றினோம். பின்சக்கரம் இரண்டு சுற்றில் நின்றுவிட்டது. ரிம் கோட்டமாகி, பிரேக் கட்டை ஒரு பக்கம் உரசிக்கொண்டிருந்தது. கோனும் அளவுக்கு மீறி இறுகியிருந்தது. பள்ளியில் படித்தபோது அரசு வழங்கிய விலையில்லா மிதிவண்டி அது. 2001-02ஆம் கல்வியாண்டில் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவியருக்கெனத் தொடங்கிப் பின்னர் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் மேனிலை மாணவர்க்கெல்லாம் விரிந்த திட்டம் நம் சிற்றூர்ப் பெண்களின் கல்விக்குச் செய்த நன்மை பெரிது. ஆயினும் வண்டி தந்தவர்கள் ஓவராயிலுக்கும் சேர்த்துத் தருவதில்லை. ஊர்க் கடைக்காரரை வரவழைத்துக் கோட்டம் எடுத்து, கோனைத் தளர்த்தி, எண்ணெய் விட்ட பிறகே சோதனை தொடங்கிற்று. இதைச் செய்யாமல் டயரைக் குறைகூறுவது நீதியன்று.

முறை எளியது. ஊரெல்லையில் கரட்டடியிலிருந்து வழி சற்றே இறங்கி, பின் நீண்ட சமதரையாகச் செல்கிறது. இறக்கத்தின் தலையில் சுண்ணாம்பால் ஒரு கோடு. மாணவியின் தம்பி வண்டியில் அமர்ந்து, அக்கோட்டிலிருந்து மிதிக்காமல், உந்தாமல் விட வேண்டும். வண்டி தானே ஓடி எங்கே நிற்கிறதோ அங்கே ஒரு குறி. ஒரே ஆள், ஒரே சட்டை, ஒரே தடம். ஒவ்வொரு காற்றளவுக்கும் ஐந்து முறை. காற்றளவைத்தான் எப்படி அளப்பது? வால்டியூப் உள்ள சக்கரத்தில் அழுத்தமானியை வைத்துப் பார்க்க வழியில்லை. நண்பர் வேறொரு வழி அறிந்திருந்தார். அமெரிக்கரான ஃபிராங்க் பெர்ட்டோ சொன்ன அளவு அது: ஆள் அமர்ந்ததும் டயரின் உயரம் பதினைந்து விழுக்காடு குறைய வேண்டும், அதனினும் மிகக் குறைந்தால் காற்று போதாது, குறையவே இல்லையெனில் காற்று மிகுதி. நாற்பது மில்லிமீட்டர் டயர் என்றால் ஆறு மில்லிமீட்டர். பள்ளிப் பிள்ளையின் அடிக்கோல் போதும்.

இந்த இடத்தில், இத்தகைய சோதனையின் முன்னோடி ஒருவரை நினைவுகூர வேண்டும். காற்றடைத்த சக்கரத்திற்கு முதன்முதலில் 1845இல் காப்புரிமை பெற்றவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த இராபர்ட் தாம்சன். குதிரை வண்டிகளில் பூட்டியும் காட்டினார். காலம் கனியாமையால் உலகம் மறந்தது. நாற்பதாண்டு கழித்து, பெல்பாஸ்டு நகரின் கால்நடை மருத்துவர் ஜான் பாய்ட் டன்லப், தாம்சனைப் பற்றி அறியாமலே அதனை மீண்டும் கண்டார். கல் பாவிய தெருவில் மூன்று சக்கர வண்டி ஓட்டிய மகனின் சிரமமே காரணம். 1887ஆம் ஆண்டின் பிற்பகுதியில், மரவட்டு ஒன்றின் விளிம்பில் ரப்பர்க் குழாயைச் சுற்றிக் காற்றடைத்தார். பிறகு அவர் செய்ததுதான் எனக்கு உவப்பானது. மகன் வண்டியின் கெட்டி ரப்பர்ச் சக்கரத்தைக் கழற்றி முற்றத்தில் உருட்டிவிட்டார். பாதி வழியில் சாய்ந்தது. காற்றடைத்த வட்டை உருட்டினார். முற்றத்தைக் கடந்து எதிர்க்கதவில் மோதித் திரும்பிற்று. கருவி இல்லை, சூத்திரம் இல்லை. 1888இல் அவர் காப்புரிமை பெற்றார். தாம்சனின் முந்தைய உரிமை வெளிப்பட்டதும் அது செல்லாதாயிற்று. உருண்ட சக்கரத்திற்கு அது தெரியாது, உருண்டுகொண்டே இருந்தது. டன்லப்பின் பெயர் தாங்கிய நிறுவனம் பின்னாளில் சென்னை அம்பத்தூரிலும் ஆலை வைத்தது. நம் கரும்பு வண்டிகளுக்குப் பூட்டிய டயர்களால் இச்சமவெளியின் காளைகளும் அப்பெயரை அறிந்தன எனலாம்.

எங்கள் சோதனைக்குத் திரும்புவோம். கடைக்காரர் அடித்துக் கொடுத்தபடி, கட்டைவிரல் அமுங்காத அளவுக்குக் காற்று நிறைந்திருந்தபோது வண்டி தடதடவென்று துள்ளிக்கொண்டு இறங்கிற்று. ஐந்து முறையும் ஒரு வேலமரத்தின் அருகிலேயே நின்றது. காற்றைச் சிறிது விட்டு, அடிக்கோலில் ஆறு மில்லிமீட்டர் வரச் செய்தோம். இம்முறை ஓசை குறைந்தது. வண்டி வேலமரத்தைத் தாண்டி, ஒன்பது பத்துத் தப்படி சென்று நின்றது. ஐந்துள் ஒருமுறை மட்டும் முன்போலவே மரத்தடியில் நின்றது; சக்கரம் ஒரு கல்லில் இடறியது காரணம். இன்னும் காற்றை விட்டுப் பார்த்தோம். டயர் தொளதொளத்து, மரத்திற்கு முன்னேயே நின்றுவிட்டது. ரிம் ஒருமுறை கல்லில் இடித்த ஓசையும் கேட்டது. "இப்படி ஓட்டினா ட்யூப் கடிபட்டுப் பஞ்சர் ஆகும் சார்" என்று கடைக்காரர் எச்சரித்தார். அவர் சொன்னது முற்றிலும் உண்மை.

ஏன் இப்படி என்பதை நண்பர் விளக்கினார். வழவழப்பான தரையில் காற்று மிக மிக டயர் நசுங்குவது குறைகிறது, தயக்கமும் குறைகிறது, ஊர் நம்பிக்கை அங்கே சரியே. ஆய்வுக்கூடத்து வழுவழுப்பான இரும்பு உருளையிலும் அப்படித்தான் விடை வரும். ஆனால் சரளையில் டயர் நசுங்க மறுத்தால் வண்டியே துள்ள வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு கல்லுக்கும் வண்டியும் ஆளும் மேலே தூக்கப்படுகிறார்கள். அவ்வதிர்ச்சியை ஆளின் தசையும் எலும்பும் வாங்கிக்கொள்கின்றன. அங்கே ஆற்றல் தொலைகிறது. ரப்பர் தயங்க மறுத்தால் உடம்பு தயங்குகிறது. உருளையின்மேல் ஆள் இல்லை. ஆகவே அவ்விழப்பு அளவையில் வருவதில்லை. யான் ஹைனே என்பவர் தாம் நடத்திய மிதிவண்டி இதழுக்காக நெடுஞ்சாலையோரத்து அதிர்வுப் பட்டைகளின்மேல் ஆளை ஓட்டச் செய்து இதனை அளந்து காட்டியிருக்கிறார். என் அத்தா அந்த இதழைப் படித்தவரல்லர். முழங்கால் சொன்னதைக் கேட்டார். முழங்கால் சொன்னது சரியாகவே இருந்திருக்கிறது. அவர் இருந்திருந்தால் அந்தச் சுண்ணாம்புக் குறிகளைக் காட்டியிருப்பேன்.

மாணவிக்கு இதனால் என்ன கிட்டிற்று? மிகைப்படுத்த விரும்பவில்லை. நாற்பது நிமிடத்திற்குமேல் எடுத்துக்கொண்ட வழி முப்பத்து மூன்று, முப்பத்து நான்கு நிமிடத்திற்கு வந்தது. அதில் பிரேக் கட்டையின் பங்கே பெரிது என்று நண்பர் வாதிடுகிறார். காற்றின் பங்கும் குறைவன்று என்பது என் எண்ணம். தனித்தனியே பிரித்து அளக்காத நிலையில் இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. எப்படியாயினும் அந்தப் பேருந்து அவளுக்குக் கிடைக்கலாயிற்று. அண்ணனும் வந்து சோதனையைப் பார்த்தவர்தாம். அதற்குப்பின் 'நின்றுவிடு' என்ற பேச்சு எழவில்லை என்றாள். பருவத்தேர்வுக்கு முன் பதிவேட்டைக் கூட்டியபோது எழுபத்தைந்தை இரண்டு நாள் மிச்சத்தோடு கடந்திருந்தாள். ஐப்பசி மழையில் கிராவல் களியாகக் குழைந்தபோது எந்தக் காற்றளவும் பயன்படவில்லை. சில நாள் வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்தாள். வழிக்குத் தார் போடுவதாகப் பேச்சு இருக்கிறது. போடட்டும், அதுவரை அடிக்கோல் இருக்கிறது.

சோதனையைக் கேள்வியுற்ற முட்டை வியாபாரி ஒருவர் இப்போது வந்து நிற்கிறார். முப்பது முட்டை அட்டைகளை அடுக்கடுக்காகக் கேரியரில் கட்டி அதே வழியில் நெடுஞ்சாலைக்குக் கொண்டுவருபவர் அவர். வண்டி எளிதில் உருள்வது அவருக்கு இரண்டாவது. எந்தக் காற்றளவில் முட்டை உடைவது குறையும் என்பதே முதல் கேள்வி. பின்சக்கரத்தில் அவ்வளவு பாரம் ஏறும்போது ஆறு மில்லிமீட்டர் என்ற அளவைக் காக்க வேண்டுமானால் மாணவியின் டயரைவிட மிகுந்த காற்று வேண்டும். அப்போது துள்ளல் கூடுமா என்று பார்க்க வேண்டும். தடித்த டயர் ஒன்றைப் பூட்டிப் பார்க்கலாம் என்கிறார் கடைக்காரர். ஆனால் அது அந்த ரிம்மில் அமராது, மட்கார்டிலும் இடிக்கும். உடைந்தாலும் கவலையில்லாத பழைய முட்டைகள் சில அட்டை தருவதாக வியாபாரி ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆடிக் காற்று ஓயட்டும் என்று நண்பர் காத்திருக்கிறார்.